சிரிப்பு நடிகையின் பதில்: "தனிச்சல்ல ஞான்!"

திருவனந்தபுரத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழர்கள் முதல் சில மாதங்களில் ஏமாறும் ஒரு சொல் உண்டு. லீவில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியதும் பக்கத்து நாற்காலிக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "வண்ணம் வச்சல்லோ!" என்பார். ஊர்த் தண்ணீர் நிறம் கொடுத்திருக்கிறது போலும் என்று நம் ஆள் பூரித்துப் போவார். மலையாளத்தில் வண்ணம் என்றால் நிறமல்ல, பருமன் என்பது பிறகுதான் தெரியும். அம்மாவின் கைச் சாப்பாட்டில் நீ பெருத்துவிட்டாய் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்!

ஆண்பிள்ளைக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒரு பெண்ணின் காதில் விழும்போது அவ்வளவு லேசாக இருப்பதில்லை. இங்கே "தடிச்சி" என்பார்கள். தமிழ்நாட்டில் "குண்டு", "பூசணிக்காய்", "பீப்பாய்". பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன வீடுகளில் இந்தச் சொற்களின் கனம் தெரியும். கல்யாணமாகி, குழந்தையும் பெற்று, ஒருநாள் அந்தக் கல்யாணமே உடைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். என்ன காரணத்துக்காகப் பிரிந்தார்கள் என்று ஊர் விசாரிக்காது. "இவள் இப்படி இருந்தால் அவன் எப்படி இருப்பான்?" என்று தானே தீர்ப்பு எழுதிவிடும். நாளாக ஆக அந்தப் பெண்ணும் கண்ணாடி முன் நின்று அதே தீர்ப்பைத் தனக்குத் தானே படித்துக்கொள்வாள்.

இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாத ஒருவர் கல்பனா. மலையாளிகள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தார்கள். தமிழர்களுக்கும் அவர் அந்நியர் அல்ல.

நேமத்தில் தொடங்கிய கதை

நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நேமம் தெரிந்திருக்கும். அங்கேதான் பி.சுப்பிரமணியம் 1950களின் தொடக்கத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவினார். 1969-இல் கேரள அரசின் முதல் சிறந்த படப் பரிசை வாங்கிய "குமார சம்பவம்", சபரிமலைக்கு மாலை போடும் தமிழர்களும் விரும்பிப் பார்த்த "சுவாமி ஐயப்பன்" ஆகியவை அவருடைய படங்கள். அவர் இயக்கி 1977-இல் வெளிவந்த "விடருன்ன மொட்டுகள்" படத்தில் குழந்தை நட்சத்திரமாக நடித்தவர் கல்பனா. படத்தின் பெயருக்கு விரிகின்ற மொட்டுகள் என்று பொருள்.

1965 அக்டோபர் 5-ஆம் தேதி பிறந்தவர். தந்தை சவற வி.பி.நாயர், தாய் விஜயலட்சுமி, இருவருமே நாடகக் கலைஞர்கள். மூன்று சகோதரிகள்: மூத்தவர் கலாரஞ்சினி, நடுவில் கல்பனா, இளையவர் ஊர்வசி. மூவருமே நடிக்க வந்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் கதாநாயகி வேஷங்கள் வந்தன. "முந்தானை முடிச்சு" 1983-இல் வந்ததும் ஊர்வசி தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயரானார். நடுவில் பிறந்தவருக்கு உடம்பு வேறு மாதிரி அமைந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே தொழிலில், ஒரே கண்ணாடியில் தினமும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை அக்கா தங்கையோடு பிறந்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவுக்கும் கல்பனாவும் கதாநாயகியாகத் தொடங்கியவர்தான். கவிஞர் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு நாயகனாக நடிக்க, ஜி.அரவிந்தன் எடுத்த "போக்குவெயில்" படத்தில் நாயகி அவர்தான். கலைப்பட ரசிகர்கள் அந்தப் படத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் கலைப்படத்தை நம்பி அடுப்பு எரியுமா? பிழைப்பு சிரிப்பு வேஷங்களில்தான் கிடைத்தது.

இரண்டு படங்கள், ஒரே மனைவி

1985-இல் கே.பாக்யராஜ் "சின்ன வீடு" எடுத்தார். தமிழில் கல்பனாவை அறிமுகப்படுத்திய படம் அது. கதை பலருக்கும் நினைவிருக்கும். தன் மனைவி சிலை மாதிரி இருக்க வேண்டும் என்று கனவு கண்ட ஓர் இளைஞனுக்குப் பருமனான பெண் வாய்க்கிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், வேறொருத்தியின் பின்னால் போகிறான், ஏமாறுகிறான், கடைசியில் மனைவியின் அருமையை உணர்ந்து திரும்புகிறான். அப்போது கல்பனாவுக்கு வயது இருபதுதான். இருபது வயதுப் பெண், படம் நெடுக "உன் உடம்பு எனக்குப் பிடிக்கவில்லை" என்ற வசையைக் கேட்டுக்கொண்டே நடிக்க வேண்டும். தியேட்டரில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே மெள்ள அவளுக்காகப் பரிதாபப்படவும் வைத்தது அந்த நடிப்பு.

பத்து வருஷம் கழித்து 1995-இல் மீண்டும் அதே மாதிரி ஒரு வேஷம். கமல்ஹாசன் தயாரித்து பாலு மகேந்திரா இயக்கிய "சதி லீலாவதி". ரமேஷ் அரவிந்த் கணவர், ஹீரா இன்னொருத்தி. கமலும் கோவை சரளாவும் கோவைத் தமிழில் அடித்த லூட்டியையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் படத்தின் பெயர் யாருடையது? லீலாவதி, அதாவது கல்பனாவின் பாத்திரம். கணவன் கைவிட்டுப் போனபோது லீலாவதி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யோசித்து, ஒவ்வொரு காயாக நகர்த்துகிறாள். "சின்ன வீடு" மனைவியைவிட அவள் ஒரு படி மேலே வந்துவிட்டாள்.

இந்தக் கதையை 1999-இல் இந்திக்கு "பீவி நம்பர் ஒன்" என்று கொண்டு போனார்கள். அங்கே மனைவி வேஷத்துக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? கரிஷ்மா கபூரை! கொடி போன்ற அவரை ஒரு கணவன் ஏன் விட்டுப் போக வேண்டும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பருமனான பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தத் துணிந்தது தமிழ்ப் படம்தான் என்பதைத் தமிழர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இருந்தாலும் ஒரு குறை உண்டு. இரண்டு படத்திலும் கணவன் திரும்பி வந்துவிடுகிறான். அவன் வந்தால்தான் அவள் ஜெயித்ததாகக் கணக்கு. அவன் வராமலே போய்விட்டால் அவள் கதை என்ன? அதற்குப் பதில் அந்தப் படங்களில் இல்லை.

உடம்பே முதல்

பெருத்த உடம்பைச் சிரிப்புக்கு முதலாக்கிப் பிழைத்தவர்கள் இந்தியச் சினிமாவில் வேறு பலரும் உண்டு. இந்தியில் டுன் டுன் இருந்தார். உமாதேவி என்ற அவர் முதலில் பின்னணிப் பாடகி. நௌஷாத் இசையில் 1947-இல் வந்த "தர்த்" படத்தில் பாடிப் புகழ் பெற்றவர். பிறகு 1950-இல் "பாபுல்" படத்தில் நகைச்சுவை வேஷம் போட்டதிலிருந்து பாட்டை எல்லோரும் மறந்தார்கள், உடம்பையே நினைவில் வைத்தார்கள். வட இந்தியாவில் பருமனான பெண்ணைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட அவர் பெயரே பயன்பட்டது. நடனம் ஆடத் தெரிந்த பிந்து கோஷ் தமிழில் "கோழி கூவுது" காலத்திலிருந்து என்ன வேஷம் போட்டார் என்பது தெரிந்ததே. 2025-இல் அவர் காலமானார்.

கல்பனாவும் மலையாளத்தில் இதே வழியில்தான் போனார். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. 1990-இல் வந்த "டாக்டர் பசுபதி"யில் அவர் பாத்திரத்தின் பெயர் யு.டி.சி.குமாரி. செக்ரடேரியட் இருக்கிற ஊரில் யு.டி.சி. என்றால் விளக்கம் தேவையில்லை, எல்.டி.சி.யாகச் சேர்ந்து பிரமோஷனுக்காக விரலை எண்ணுகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் குமாரியையும், ஜகதி ஸ்ரீகுமாரோடு ஜோடி சேர்ந்து படத்துக்குப் படம் அவர் செய்த கலாட்டாவையும் மலையாளிகள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண்கள் தங்கள் உடம்புக்காக வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பதில்லை. தங்களை அழகிகள் என்றே நம்புகிறார்கள். நடையில் மிடுக்கு, பேச்சில் அதிகாரம், கண்ணில் மை. பார்க்கிறவன் சிரித்தால் அது அவன் பாடு! பிறர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துக்கொண்டு நுழைகிறவளை யாரால் அவமானப்படுத்த முடியும்?

திரை விழுந்த பிறகு

1998-இல் கல்பனாவுக்குக் கல்யாணம் நடந்தது. கணவர் மலையாளப் பட இயக்குநர். ஒரு பெண் குழந்தை. 2012-இல் அந்த மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. ஏன், எதற்கு என்பது அந்த இருவரின் சொந்த விஷயம். அதைக் கிளறுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில், வளர்ந்து வரும் மகளோடு, பத்திரிகைகள் எல்லாம் எழுத, ஊர் முழுக்கப் பேச, ஒரு பெண் தனியாக நிற்க நேர்ந்தது என்பதே இங்கே முக்கியம். அதுவும் ஊரைச் சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்ட பெண். அழுத முகத்தோடு ஆபீஸ் போனால் குமாஸ்தாவுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். சிரிப்பு நடிகைக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அதே 2012-இல் பாபு திருவல்லா இயக்கிய "தனிச்சல்ல ஞான்" வெளிவந்தது. தமிழில் சொன்னால், நான் தனியாக இல்லை. ஆலப்புழைப் பக்கத்தில் உண்மையில் நடந்த சம்பவத்தை வைத்து எடுத்த படம். ஆதரவற்றுப் போய், சாவதற்காக ரயில் தண்டவாளத்துக்கு வந்துவிட்ட ஓர் அந்தர்ஜனம், அதாவது நம்பூதிரி வீட்டு வயோதிகப் பெண். அவரை ஒரு முஸ்லிம் பெண் தடுத்து, தன் வீட்டுக்கு அழைத்துப் போய், அவருடைய ஆசாரத்துக்குக் குறைவு வராமல் தாயைப் போல வைத்துக் காப்பாற்றுகிறாள். மூதாட்டியாக கே.பி.ஏ.சி.லலிதா, காப்பாற்றும் ரஸியா பீவியாகக் கல்பனா. அந்த வேஷத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. அவருடைய பருமனைக் காட்டிச் சிரிக்கவும் படத்தில் ஒன்றும் இல்லை. தலையில் முக்காடு போட்ட ஒரு நாட்டுப்புறத்துப் பெண் பிறத்தியார் துக்கத்தைத் தன் தோளில் தூக்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

அதற்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகைக்கான ரஜத கமலத்தை "விக்கி டோனர்" இந்திப் படத்தில் நடித்த டாலி அலுவாலியாவோடு அவர் பகிர்ந்துகொண்டார். 2013 மே 3-ஆம் தேதி டில்லியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி விருதுகளை வழங்கினார். இதே விருதை "அச்சுவின்ற அம்மா" படத்துக்காக ஊர்வசி ஏற்கெனவே வாங்கியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு வந்த அக்காவும் தங்கையும் அந்தத் தராசில் சமமாக நின்றார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்பனா மெலிந்து காட்டி ஜெயிக்கவில்லை. கல்யாணம் முறிந்த பெண் ஆறு மாதத்தில் கொடியிடையோடு திரும்பி வந்து, விட்டுப் போனவனை வாய் பிளக்க வைப்பதாகக் கதைகள் உண்டு. "பத்தே நாளில் பத்துக் கிலோ" விளம்பரங்கள் அந்தக் கதைகளை நம்பியே பிழைக்கின்றன. கல்பனா அதே உடம்போடு, அதே குரலோடு, அதே குறும்போடு வேலைக்குப் போனார். உடல்நலத்துக்காக எடையைக் குறைப்பது வேறு விஷயம். அதற்கு டாக்டர் இருக்கிறார். தைராய்டு கோளாறாலும் எடை கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சோதித்துப் பார்க்காமல் பட்டினி கிடப்பதில் பயனில்லை. ஆனால் பிறர் வாய்க்குப் பயந்து மெலிய நினைத்தால், அந்த வாய் அடுத்து நிறத்தைச் சொல்லும், அதற்கடுத்து உயரத்தைச் சொல்லும்.

2014-இல் "பெங்களூர் டேஸ்" வந்தது. குட்டனின் அம்மாவாகக் கல்பனா. கணவன் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். கிராமத்து மனைவி இனி உடைந்துபோவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவளோ பெங்களூர் வந்து, மகனே திகைக்கும்படி அந்த நகரத்து வாழ்க்கையை ரசிக்கத் தொடங்கிவிடுகிறாள். "சின்ன வீடு", "சதி லீலாவதி" மனைவிகளுக்குக் கிடைக்காத முடிவு இது. கணவன் திரும்பவில்லை, அவளும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. இந்த வேஷத்தைத் தன் வாழ்க்கையில் அந்தக் கட்டத்தைத் தாண்டிய ஒருவர் செய்தபோது, அந்தச் சிரிப்பில் கூடுதலாக ஓர் அழுத்தம் விழுந்தது. இதே படத்தைத் தமிழில் "பெங்களூர் நாட்கள்" என்று எடுத்தபோது அந்த வேஷத்தில் சரண்யா பொன்வண்ணன் நடித்தார்.

சட்டம் சொல்வது

நடிகைக்குக் காமிரா இருந்தது. ஓட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. ஏளனம் செய்வது, இழிவுபடுத்துவது, பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது எல்லாமே வன்முறைதான். 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் முக்கியமான கருத்தைச் சொன்னது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணின் உடலமைப்பைப் பற்றிக் கணவனின் அண்ணன் மனைவி கேலி பேசியதாகப் புகார். அண்ணிமேல் இருந்த வழக்கை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. உடம்பைப் பற்றி இழித்துப் பேசுவது முதல் பார்வையில் மனைவிக்கு இழைக்கும் கொடுமையாகவே தெரிகிறது என்றது. இரண்டு மாதம் கழித்து 2025 ஜனவரியில் வேறொரு வழக்கின் ஜாமீன் உத்தரவிலும், குண்டு, ஒல்லி, குட்டை, கறுப்பு என்று பிறர் உடம்பை விமரிசிப்பதைக் கைவிட வேண்டும் என்று அதே நீதிமன்றம் அறிவுறுத்தியது. பிள்ளைகளின் வாயை வீட்டில் அடக்காவிட்டால் நாளை கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

கேரள மகளிர் கமிஷன் 1996 முதல் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. அதன் முதல் தலைவி கவிஞர் சுகதகுமாரி. அங்கே புகார் கொடுக்க இந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே வசிக்கும் தமிழ்ப் பெண்களும் போகலாம். அவசரத்துக்கு 181 என்ற எண்ணில் பேசலாம்.

ஆற்றுக்காலில் எரியும் அடுப்பு

கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கல் நாளன்று இந்த ஊர்த் தெருக்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்று செங்கல், ஒரு மண்பானை, கொஞ்சம் கொதும்பு, பச்சரிசி, வெல்லம். கோயில் வாசலிலிருந்து கிழக்கே கோட்டை, தம்பானூர் தாண்டியும் அடுப்புகள் வரிசை கட்டும். 2009-இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகம் கணக்கு வைத்திருக்கிறது. கல்யாணமானவளா, விதவையா, விட்டு வந்தவளா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பருமனான பெண் தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்பட்டால் பக்கத்து அடுப்புக்காரி கை கொடுக்கிறாள்.

அந்த ஆற்றுக்கால் அம்மை யார்? கண்ணகியேதான் என்பது ஊர் நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டு வந்த வழியில் இங்கே தங்கினாள் என்கிறார்கள். திருவிழா நாட்களில் தோற்றம் பாட்டில் அவள் கதையைத்தான் பாடுகிறார்கள். கோவலன் மாதவி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணகியிடம் என்ன குறை இருந்தது? ஒரு குறையும் இல்லை. ஒருவன் விட்டுப் போவதற்கும் விடப்பட்டவளின் அழகுக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

கல்பனாவுக்குப் பின் மலையாளச் சினிமா கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-இல் வந்த "தமாஷா" படத்தில் சின்னு சாந்தினி நடித்த பருமனான பெண், தன் படத்தைப் பார்த்து முகம் தெரியாதவர்கள் ஏசியபோது, ஓடி ஒளியாமல் நேருக்கு நேர் பதில் சொல்கிறாள். அந்த வேஷத்தில் கோமாளித்தனம் எதுவும் இல்லை.

2015 டிசம்பரில் துல்கர் சல்மானின் "சார்லி" வெளியாயிற்று. வாழ்க்கை கசக்கிப் போட்ட, நோயாளியான ஒரு பெண்ணைப் பிறந்தநாளன்று நடுக்கடலுக்குப் படகில் அழைத்துப் போகிறார்கள். குயீன் மேரி என்ற அந்தப் பாத்திரம் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். படம் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்தும் பேசியது அவளைப் பற்றித்தான். படம் வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. 2016 ஜனவரி 25-ஆம் தேதி, ஹைதராபாத் சென்றிருந்த கல்பனா ஓட்டல் அறையில் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பயனில்லை. மாரடைப்பு. வயது ஐம்பது. கார்த்தி, நாகார்ஜுனாவோடு அவர் நடித்திருந்த "தோழா" இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வந்தது.